கிருமிநாசினி சோப்பும் ஆற்றுத் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கிருமிகளைக் கொல்லும்’ என்று சொல்லி விற்கும் சோப்பு, ஹேண்ட்வாஷ், பற்பசை, தரை துடைக்கும் திரவம் எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது தண்ணீரில்தான். அங்கே போன பிறகு அவை ஆன்டிபயாடிக் மருந்துகளின் வேலையைக் கெடுக்கின்றனவா என்று பலர் கேட்கிறார்கள். இந்த வகை வேதிப்பொருள்களில் உலகம் அதிகம் ஆராய்ந்தது டிரைக்ளோசானை. அதனால் பெரும்பாலான பதில்கள் அதைச் சுற்றியே இருக்கும்.

டிரைக்ளோசான் என்பது என்ன? அது எதிலெல்லாம் இருந்தது?

1960களில் சுவிட்சர்லாந்தில் உருவான, குளோரின் சேர்ந்த ஒரு வேதிப்பொருள். 1970களின் தொடக்கத்தில் மருத்துவமனைகளுக்குள் வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர்கள் கை கழுவுவதற்கான திரவத்தில் அதைச் சேர்த்தார்கள். அந்த இடத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 1990களில் அது வீட்டுக்குள் நுழைந்தது. ஹேண்ட்வாஷ், பற்பசை, வியர்வை நாற்றத்துக்கான ஸ்ப்ரே என்று தொடங்கி, காய்கறி வெட்டும் பலகை, குழந்தைகளின் பொம்மை, காலுறை வரை போனது. கட்டி சோப்புகளில் பெரும்பாலும் இதன் உறவுக்காரரான டிரைக்ளோகார்பனைப் போட்டார்கள்.

கிருமியைக் கொல்லும் பொருள்தானே? அதனால் ஆன்டிபயாடிக் ஏன் பலிக்காமல் போக வேண்டும்?

இந்தச் சந்தேகம் விஞ்ஞானிகளுக்கும் நெடுநாள் இருந்தது. டிரைக்ளோசான் பாக்டீரியாவின் உறையைப் பல இடங்களில் சிதைத்துக் கொல்கிறது, அதனால் அதை எதிர்த்து நிற்கப் பாக்டீரியாவால் பழக முடியாது என்றே நம்பினார்கள். 1998இல் பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் லெவியின் குழு இந்த நம்பிக்கையை உடைத்தது. பாக்டீரியா தன் உறைக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்க ஃபேப்-ஐ என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. குறைந்த அளவில் டிரைக்ளோசான் தாக்குவது குறிப்பாக அந்த ஒரு நொதியைத்தான். அந்த நொதிக்கான மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் போதும், பாக்டீரியா தப்பிவிடுகிறது.

சோப்பில் டிரைக்ளோசான் 0.3 சதவீதம் வரை இருக்கும், அதாவது லிட்டருக்குச் சுமார் 3 கிராம். அந்த அடர்த்தியில் அது பல பக்கமும் தாக்கும். ஆற்றுக்குப் போகும்போது அளவு மைக்ரோகிராம், நானோகிராம் கணக்குக்கு இறங்கிவிடுகிறது. அங்கே அது முரட்டுக் கிருமிநாசினியாக இருப்பதில்லை. ஓர் ஆன்டிபயாடிக்கைப் போல, ஒரே குறியைத் தொடும் பொருளாகிவிடுகிறது.

அந்தக் குறியோ மருந்துகளுக்குச் சம்பந்தமில்லாதது அல்ல. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் தாக்கும் நொதி ஃபேப்-ஐயின் நெருங்கிய சொந்தம். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, நோய் தராத ஒரு பாக்டீரியாவை 1999இல் லெவியின் குழு டிரைக்ளோசானில் வளர்த்துப் பார்த்தது. டிரைக்ளோசானுக்குத் தப்பியவற்றில் சில ஐசோனியாசிட்டுக்கும் அடங்கவில்லை.

இரண்டாவது வழி பம்புகள். படகில் ஏறும் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டுவது போல, பல பாக்டீரியாக்கள் உள்ளே வரும் நச்சை வெளியே தள்ளும் புரதப் பம்புகளை வைத்திருக்கின்றன. அவை ஆள் பார்த்துத் தள்ளுவதில்லை. டிரைக்ளோசானைத் தள்ளுவதற்காக முடுக்கிவிட்ட பம்பு, கூடவே சிப்ரோஃப்ளாக்ஸசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளையும் தள்ளிவிடும். 2001இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், முக்கியமான பம்பு ஒன்று நீக்கப்பட்ட சூடோமோனாஸ் பாக்டீரியாவை டிரைக்ளோசானில் வளர்த்தார்கள். அது வேறொரு பம்பை முடுக்கிக்கொண்டது. அதன் பிறகு அதை அடக்கத் தேவைப்பட்ட சிப்ரோஃப்ளாக்ஸசின் அளவு 94 மடங்கு உயர்ந்தது.

மூன்றாவது வழி மரபணுக்களின் கூட்டுக்குடித்தனம். பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ளும் பிளாஸ்மிட் என்ற வளையத்தில், கிருமிநாசினியைச் சமாளிக்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைச் சமாளிக்கும் மரபணுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றுக்குத் தேவை ஏற்பட்டால் மற்றதும் கூடவே பிழைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு துளி ஆன்டிபயாடிக்கூட இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

நான்காவதாக, மரபணு மாறாமலே நடக்கும் ஒன்று. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆன்டிபயாடிக் போட்டால் வழக்கமாகப் பத்து லட்சத்தில் ஒரு பாக்டீரியா பிழைக்கும். முன்பே டிரைக்ளோசானைச் சந்தித்திருந்த கூட்டத்தில் பத்தில் ஒன்று பிழைத்தது. டிரைக்ளோசான் அவற்றை வளர்ச்சி குறைந்த ஒரு மந்த நிலைக்குத் தள்ளுகிறது. வேகமாக வளர்பவற்றைக் கொல்லவே பல ஆன்டிபயாடிக்குகள் உருவானவை என்பதால், மந்தமாகக் கிடப்பவை தப்பிக்கின்றன.

கை கழுவிய தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக நடக்கும் நிலையம் டிரைக்ளோசானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரிலிருந்து நீக்கிவிடும். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் நீக்கியது என்றால் அழித்தது என்று பொருளில்லை. டிரைக்ளோசான் தண்ணீரைவிடக் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளவே விரும்பும். அமெரிக்காவில் ரோல்ஃப் ஹால்டன் குழு ஒரு நிலையத்தில் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ பாதி அப்படியே கசடில் படிந்திருந்தது.

இந்தக் கசடுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. மனிதக் குடலிலிருந்து வந்த பாக்டீரியா, மருத்துவமனைக் கழிவிலிருந்து வந்த பாக்டீரியா, மீந்த மருந்து, கிருமிநாசினி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நாள்கணக்கில் ஒன்றாகக் கிடக்கும் இடம் அது. மரபணு பரிமாற்றத்துக்கு இதைவிட வசதியான இடத்தை நாம் வேண்டுமென்றே கட்டினாலும் அமையாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் மெக்னமாரா குழு, காற்றில்லாத கசடுத் தொட்டிகளின் ஆய்வக மாதிரிகளில் டிரைக்ளோசானைச் சேர்த்துப் பார்த்தது. பல மருந்துகளை வெளியேற்றும் பம்புக்கான மரபணு அங்கே அதிகரித்தது. அமெரிக்காவில் சுத்திகரிப்புக் கசடில் கணிசமான பகுதி வயலுக்கு உரமாகப் போகிறது. அப்புறம் மழை, ஓடை, ஆறு.

மீதி வழியில் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுத்திகரிப்பின்போது ஒரு பகுதி மெத்தில் டிரைக்ளோசானாக மாறுகிறது. இது மூலப்பொருளைவிட நீடித்து நிற்கும், மீன்களின் உடலில் சேரும். ஆற்றில் வெயில் பட்டால் ஒரு சிறு பகுதி டையாக்சின் என்ற நச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த பொருளாக மாறும். மினசோட்டா ஏரிகளின் அடிமண்ணை அடுக்கடுக்காக வெட்டி எடுத்துப் பார்த்தவர்கள், டிரைக்ளோசான் புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்து அது படிந்திருப்பதைக் கண்டார்கள்.

சுத்திகரிப்பு நிலையமே இல்லாத ஊரில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சோப்பு நுரை நேராகக் கால்வாய்க்குப் போகிறது.

ஆற்றில் அவ்வளவு நீர்த்துப்போன பிறகு அந்தத் துளி என்ன செய்துவிடும்?

கொல்லும் அளவுக்குக் கீழே இருந்தால் பாதிப்பில்லை என்று எண்ணுவது இயல்பு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் டான் ஆண்டர்சன் குழு 2011இல் ஆன்டிபயாடிக்குகளை வைத்து இதைச் சோதித்தது. பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்கூட, மருந்துக்கு அடங்காத எதிர்ப்புத்திறன் உள்ளவை அது இல்லாதவற்றை மெல்ல முந்துகின்றன என்று தெரிந்தது. யாரும் சாகவில்லை, ஆனால் யார் பெருகுவது என்பது மாறிவிடுகிறது. தினமும் ஓடிக்கொண்டிருக்கும் சாக்கடையில் இந்தச் சின்ன முந்துதல் பல தலைமுறைக்குத் தொடர்ந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். பாக்டீரியாவின் ஒரு தலைமுறை சில மணி நேரம்தான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2018இல் நடந்த ஆய்வில், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் டிரைக்ளோசானில் ஈ. கோலை என்ற பாக்டீரியாவை முப்பது நாள் வளர்த்தபோது பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத வகைகள் தோன்றின. இந்த அளவு சாதாரண ஆற்று நீரில் இருப்பதைவிட மிக அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் நடந்தது ஆற்றில் அப்படியே நடக்கிறது என்று அடித்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் நிஜமான ஓடையில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். சிகாகோ லொயோலா பல்கலைக்கழகத்தின் ஜான் கெல்லியும் கேரி சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் எம்மா ரோஸி-மார்ஷலும் சேர்ந்த குழு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. காட்டுப் பகுதி, புறநகர், நகரம் என்று மூன்று விதமான ஓடைகளின் அடிமண்ணை எடுத்தார்கள். நகரத்தை நெருங்க நெருங்க டிரைக்ளோசானும் கூடியது, டிரைக்ளோசானுக்கு அடங்காத பாக்டீரியாவும் கூடியது. மழை பெய்யும்போது மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் பொங்கி, சுத்திகரிப்புக்கே போகாமல் ஓடையில் கலக்கும் இடத்தில்தான் நிலைமை மோசம்.

ஆனால் நகரத்து ஓடையில் டிரைக்ளோசான் மட்டுமா இருக்கிறது? அதனால் செயற்கை ஓடைகள் அமைத்து, டிரைக்ளோசானை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கும் எதிர்ப்புத்திறன் உள்ளவை பெருகின. கூடவே நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியா பெருகி, சாதாரணப் பாசி குறைந்தது. ஓடையின் உணவுச் சங்கிலியே இடம் மாறியது என்று பொருள். இந்த ஆய்வு அளந்தது டிரைக்ளோசானுக்கான எதிர்ப்பை. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு அதே ஓடையில் எவ்வளவு கூடியது என்பது தனிக் கேள்வி.

நம் ஆறுகளில் டிரைக்ளோசான் இருக்கிறதா?

இருக்கிறது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய மூன்று ஆறுகளையும் பிச்சாவரத்தையும் ஆராய்ந்து பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகபட்ச அளவு கிடைத்தது தாமிரபரணியில், லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அமெரிக்க, ஐரோப்பிய ஆறுகளில் வழக்கமாகப் பதிவாவது நானோகிராம் கணக்கில்தான் என்பதை நினைத்தால் இது பெரிய எண். குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஆண்டு முழுவதும் நம்பியிருக்கும் ஆறு அது.

அமெரிக்கா இதைத் தடை செய்துவிட்டதா?

ஓரளவு. 1999-2000இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 30 மாநிலங்களின் 139 ஓடைகளில் மாதிரி எடுத்தது. டிரைக்ளோசானைத் தேடிய ஓடைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அது இருந்தது. மினசோட்டா மாநிலம் 2014இலேயே சட்டம் போட்டது. 2016 செப்டம்பரில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பன் உட்பட 19 பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளிலும் ஹேண்ட்வாஷ்களிலும் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. சாதாரணச் சோப்பைவிட இவை நன்றாக வேலை செய்கின்றன என்பதற்கும், தினமும் நீண்ட காலம் பயன்படுத்தினால் பாதுகாப்பானவை என்பதற்கும் ஆதாரம் கேட்டார்கள். தயாரிப்பாளர்களால் கொடுக்க முடியவில்லை.

அந்த உத்தரவு பற்பசைக்கும் மருத்துவமனைப் பொருள்களுக்கும் பொருந்தாது. பிளாஸ்டிக்கிலும் துணியிலும் சேர்ப்பதும் அதன் வரம்பில் வரவில்லை. அடுத்த ஆண்டு, 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்ட ஃபுளோரன்ஸ் அறிக்கை வந்தது. தேவையே இல்லாத பொருள்களில் இவற்றைச் சேர்ப்பதை உலகம் முழுவதும் நிறுத்தச் சொன்னது.

கிருமிநாசினி இல்லாத சோப்பில் கழுவினால் போதுமா?

போதும். தென்கொரியாவில் 2015இல் 20 வகை பாக்டீரியாக்களை வைத்துச் சோதித்தார்கள். கை கழுவும் நேரமான 30 விநாடியில், டிரைக்ளோசான் சோப்புக்கும் சாதாரணச் சோப்புக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தெரிய ஒன்பது மணி நேரம் ஊற வேண்டியிருந்தது. நியூயார்க்கில் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஏறத்தாழ ஓராண்டு பின்தொடர்ந்தவர்களும், சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இரு தரப்பிலும் ஒரே மாதிரிதான் வந்தது என்று கண்டார்கள். சோப்பின் வேலை அழுக்கையும் கிருமியையும் தோலிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்புவது. அதற்குச் சாதாரணச் சோப்பே போதும். வாஷ்பேசினில் 30 விநாடி இருந்து எந்தப் பலனும் தராத பொருள், கசடிலும் அடிமண்ணிலும் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கிறது. இதை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

டிரைக்ளோசானை எடுத்துவிட்டு வேறு எதைப் போடுகிறார்கள்?

எஃப்டிஏ தன் தடையில் மூன்று பொருள்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தது: பென்சல்கோனியம் குளோரைடு, பென்செத்தோனியம் குளோரைடு, குளோரோசைலினால். கடைசியாகச் சொன்னது நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பழுப்பு நிற டெட்டால் திரவத்தின் மருந்துப் பொருள். முதல் இரண்டும் குவாட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குவாட்டர்னரி அம்மோனியம் வகை. பல ஹேண்ட்வாஷ்களிலும் தரை துடைக்கும் திரவங்களிலும் ஈரத் துடைப்பான்களிலும் இந்த வகைதான் இருக்கிறது. கொரோனா காலத்தில் இவற்றின் பயன்பாடு உலகெங்கும் எகிறியது.

இவற்றின் கதை டிரைக்ளோசானைவிடப் பழையது. பென்சல்கோனியம் குளோரைடு 1935இலேயே மருத்துவத்துக்கு வந்துவிட்டது, பெனிசிலினுக்கு முன்பே. இன்று ஆறுகளிலும் சாக்கடைகளிலும் பரவலாகக் காணப்படும் ‘கிளாஸ் 1 இன்டெக்ரான்’ என்ற மரபணுத் தொகுப்பைப் பாருங்கள். அதில் குவாட்டைச் சமாளிப்பதற்கான மரபணுவின் எச்சம் ஒன்றும், சல்ஃபா வகை ஆன்டிபயாடிக்கைச் சமாளிக்கும் மரபணு ஒன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. புதிதாக வரும் எதிர்ப்பு மரபணுக்களை வரிசையாகச் சேர்த்துக்கொள்ளவும் அதில் இடம் உண்டு. இந்தத் தொகுப்பு இவ்வளவு தூரம் பரவியதற்கு ஆன்டிபயாடிக்குகளுக்கு முன்பே குவாட்டுகள் வழி போட்டுக் கொடுத்திருக்கலாம் என்று ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கில்லிங்ஸ் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். ஒரு நீர்நிலையில் மனிதர்களால் எவ்வளவு மாசு கலந்திருக்கிறது என்று அளக்க இந்தத் தொகுப்பையே அளவுகோலாக வைக்கலாம் என்றும் அவர் 2015இல் முன்மொழிந்தார்.

ஆகவே, லேபிளில் ‘டிரைக்ளோசான் இல்லை’ என்று பார்த்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். அதன் இடத்தில் எது வந்திருக்கிறது என்று பாருங்கள்.

வெள்ளி கலந்த துணி, டப்பா?

வெள்ளியும் தப்பவில்லை. 1970களில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் கிடைத்த சால்மோனெல்லா பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டில், வெள்ளியையும் பாதரசத்தையும் ஆம்பிசிலின் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகளையும் சமாளிக்கும் மரபணுக்கள் ஒன்றாக இருந்தன. தீக்காயத்துக்கு வெள்ளி மருந்து தேவை. வியர்வை நாறாமல் இருக்கக் காலுறைக்குத் தேவையில்லை, அதிலும் துவைக்கத் துவைக்க வெள்ளி தண்ணீரில் போய்விடுகிறது.

சானிடைசரும் ப்ளீச்சிங் பவுடரும் இதே பிரச்சினையா?

இந்த அளவுக்கு இல்லை. ஆல்கஹால் ஆவியாகிவிடும், பாக்டீரியாவின் பல பகுதிகளை ஒரே நேரத்தில் சிதைக்கும், ஆற்றில் தங்காது. ப்ளீச்சிங்கும் அழுக்கோடு வினைபுரிந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் கழிவுநீரில் உள்ள மற்ற பொருள்களோடு சேர்ந்து வேண்டாத குளோரின் சேர்மங்களை அது உண்டாக்கும், அதனால் அளவோடு போடுங்கள். சானிடைசர் வாங்கும்போது ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று விற்பவற்றில் பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைடுதான் இருக்கும்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கு முக்கியக் காரணமே சோப்புதான் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. தேவையில்லாமல் விழுங்கும் மாத்திரை, கோழிக்கும் மாட்டுக்கும் வளர்ச்சிக்காகக் கொடுக்கும் மருந்து, சுத்திகரிக்காமல் விடும் சாக்கடை, மருந்துத் தொழிற்சாலைக் கழிவு, இவைதான் பெரியவை. ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். நோயாளியின் ரத்தத்தில் சேரும் அளவைவிட அது அதிகம். அதற்கு முன்னால் ஹேண்ட்வாஷ் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஆன்டிபயாடிக்கை நிறுத்த முடியாது, அது உயிர் காக்கிறது. சோப்பில் உள்ள டிரைக்ளோசானை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 2019இல் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது. அந்த எண்ணிக்கை கூடாமல் தடுக்க எளிதாகக் கிடைக்கும் வழி எதையும் விட்டுவிடக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

கொதிக்க வைத்தால் எதிர்ப்புத்திறன் உள்ள பாக்டீரியாவும் மற்றவை போலவே செத்துப்போகும். ஆனால் கவலை கற்பனையல்ல. 2010இல் புது தில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டில் என்டிஎம்-1 என்ற மரபணு இருந்தது. வேறு மருந்துகள் பலிக்காதபோது கொடுக்கும் கார்பாபெனெம் மருந்துகளை முறிக்கும் மரபணு அது.

டாக்டர் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. ஈறு அறுவைக்குப் பிறகோ பல் பிடுங்கிய பிறகோ கொடுத்தால் அது சிகிச்சை. ஆனால் இதுவும் கிருமிநாசினி வகைதான். பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வில், குளோர்ஹெக்சிடினுக்குப் பழகிய கிளெப்சியெல்லா பாக்டீரியாக்களில் பல, கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்க மறுத்தன. எத்தனை நாள் கொப்பளிக்கச் சொன்னாரோ அத்தனை நாள் கொப்பளியுங்கள். புட்டியில் மீதி இருக்கிறதே என்று அதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.